வீதியிலிருந்து தெரிந்த உச்சி

பின்கதவைப் பூட்டினேனா இல்லையா. பூட்டியிருப்பேன். திறப்பைக் கையில் எடுத்தது நன்றாக ஞாபகம் இருக்கிறது, அது முன்கதவுத் திறப்பா பின்கதவுத் திறப்பா என்பதுதான் பிடிபடவில்லை. பூட்டாவிட்டால்தான் என்ன, ஸ்கொட்லாந்தின் இந்த மூலையில், ஆடுகளைவிட ஆட்கள் குறைந்த இந்த ஊரில், யார் வந்து எதை எடுக்கப்போகிறார்கள், என் சோற்றுப் பானையையா. ஆனால் மயூரிக்குத் தெரிந்தால் அதற்கும் ஒரு கதை கட்டுவாள், அம்மா கதவு பூட்ட மறக்கிறா, அடுத்தது அடுப்பை மறப்பா, அதற்கடுத்தது தன் பெயரை மறப்பா என்று. என் பெயர் தில்லைநாயகி. வயது அறுபத்தாறு. இந்த ஊர் பஸ்ஸைப் பத்தொன்பது வருஷம் ஓட்டியவள், வீதிக்குக் குறுக்கே ஓடும் ஒரு முயலைக்கூட அடிக்காமல் ஓட்டியவள். இதெல்லாம் ஞாபகம் இருக்கிறது மகளே, கதவு மட்டும்தான் கொஞ்சம் மங்கல். திரும்பிப் போய்ப் பார்க்கலாம். பார்த்தால் அரை மணி போகும், அரை மணி போனால் மேலே மூட்டம் இறங்கிவிடும், மூட்டம் இறங்கினால் இன்றைய நாள் போய்விடும், இன்று போனால் அடுத்த கிழமை மயூரியும் மருமகனும் லண்டனிலிருந்து வந்து நிற்பார்கள், அவர்கள் வந்து நின்றால் வீடே போய்விடும். வீடே போனபிறகு கதவு பூட்டியிருந்தால் என்ன, திறந்திருந்தால் என்ன. நட.

ஒப்பந்தத்தைப் போட்டதும் நான்தான், வேறு யாரையும் குறை சொல்ல முடியாது. தை மாதம் குளியலறையில் விழுந்து இடது இடுப்பை உடைத்துக்கொண்டேன். உடைந்ததைப் பற்றிக்கூட மகளுக்கும் மருமகனுக்கும் கவலை இல்லை, வைத்தியசாலையில் உள்ளே உலோகம் வைத்துத் தைத்துவிட்டார்கள். நான்கு மணி நேரம் எழும்ப முடியாமல் கிடந்தேன் என்பதுதான் மயூரியின் நெஞ்சில் குத்திக்கொண்டு நிற்கிறது. அன்றிலிருந்து ஒரே பாட்டு. வீட்டை விற்றுவிட்டு வாருங்கள், தோட்டத்தில் உங்களுக்கென்று ஓர் அறை கட்டுகிறோம். மருமகன் ஆரூரன் நல்ல பிள்ளை, அதிர்ந்து பேசமாட்டான், சித்திரையில் வந்தபோது ஒரு நிற அட்டையைக் கொண்டுவந்து விரித்து, "மாமி, உங்கட அறைக்கு என்ன நிறம் விருப்பம்?" என்று கேட்டான். என்னுடைய வீட்டுக் கதிரையில் இருந்துகொண்டு, நான் ஊற்றிய தேத்தண்ணீரைக் குடித்துக்கொண்டு கேட்டான். எனக்கு வந்ததே ஒரு கோபம். யன்னலுக்கு வெளியே இந்த மலை தெரிந்தது. "ஹெதர் பூக்கிற நேரம் நான் தனிய அந்த மலை உச்சிக்கு ஏறி இறங்கிறன். ஏறினால் வீட்டுக் கதை இனி இந்த வாசலுக்குள்ள வரக்கூடாது. ஏறாட்டி நானே பெட்டி கட்டிக்கொண்டு வாறன்" என்றேன். வாய் சொல்லிவிட்டது. இடுப்பு அப்போது குளியலறைக்கும் கட்டிலுக்கும் இடையிலேயே இரண்டு முறை நின்று நின்று போய்க்கொண்டிருந்தது. மயூரி என்னைப் பார்த்தாள், நான் அவளைப் பார்த்தேன், இரண்டு பேரும் ஒரே பிடிவாதம், யாரிடமிருந்து யாருக்கு வந்தது என்று கேட்கத் தேவையில்லை. "சரி" என்றாள். அன்றிலிருந்து நான்கு மாதம், ஒவ்வொரு நாளும் நடை, தெருமுனை வரை, பிறகு தேவாலயம் வரை, பிறகு ஆறு வரை.

மலைக்கு வரைபடத்தில் ஒரு பெயர் இருக்கிறது, அது என் வாயில் நிற்காது. நான் வைத்த பெயர் பின்மலை, ஊருக்குப் பின்னால் நிற்பதால். பக்கத்து மாவட்டத்தில் பெரிய பெரிய மலைகள் இருக்கின்றன, வெளியூர்க்காரர் எல்லாம் மலையேறும் தடிகளோடு அங்கேதான் போவார்கள், படம் பிடிப்பார்கள், வரிசையில் நின்று ஏறுவார்களாம். பின்மலையை யாரும் சீண்டுவதில்லை. எனக்கு அதனாலேயே அதைப் பிடிக்கும். பத்தொன்பது வருஷம் பஸ்ஸின் இடப்பக்கக் கண்ணாடிக்குள் அது இருந்தது, காலையில் கறுப்பாக, மத்தியானம் பழுப்பாக, ஆவணி பிறந்தால் ஊதாவாக. பாலத்தைத் தாண்டிய வளைவில் ஒரு நிமிடம் முழுதாகத் தெரியும். ஒரு தோள், அதன் மேல் ஒரு மொட்டந்தலை, அவ்வளவுதான் மலை. அதன் ஒவ்வொரு மடிப்பும் எனக்கு மனப்பாடம். ஏறியதுதான் இல்லை. யாழ்ப்பாணத்தில் பிறந்தவளுக்கு மலை ஏறுவது என்ற எண்ணமே வராது, எங்கள் ஊரில் தரை மேசை போலக் கிடக்கும், கீரிமலை என்று பெயர் வைத்த இடத்துக்குப் போனால் அங்கே கடல்தான் இருக்கும்.

வேலிக் கதவைத் திறந்து உள்ளே வந்ததும் தேன் வாசனை முகத்தில் அடிக்கிறது. ஹெதர், முழங்கால் உயரப் புதர், இலை என்று சொல்ல முடியாத துணுக்கு இலை, அரிசியளவு ஊதாப் பூ, ஆனால் கோடிக்கணக்கில். கண்ணுக்கு எட்டியவரை வேறு நிறம் இல்லை. அடிவாரத்தில் ஹியூ தன் தேனீப் பெட்டிகளைக் கொண்டுவந்து அடுக்கியிருந்தான், ஒவ்வொரு ஆவணியிலும் இந்தப் பூவுக்காகக் கொண்டுவருவான், என் பழைய பயணி, புகை மணத்தோடு ஏறி முன் இருக்கையில் உட்காருவான். இவர்களுக்கு என் பெயர் நீளம், அதனால் நான் டில்லி.

"டில்லி, தனியாகவா போகிறாய்?"

"உன் தேனீக்கள் எல்லாம் துணைக்கு ஆள் கூட்டிக்கொண்டா போகின்றன?"

சிரித்தான். சிரித்துவிட்டு என் ஊன்றுகோலைப் பார்த்தான், பிறகு இடுப்பைப் பார்த்தான், ஆண்கள் ஒரு பெண்ணின் இடுப்பைப் பார்ப்பதில் இப்படியும் ஒரு வகை இருக்கிறது என்று இந்த வருஷம்தான் தெரிந்துகொண்டேன். "மேலே போனதும், அந்தத் தோளுக்கு அப்பால்..." என்று தொடங்கினான். "ஹியூ, பத்தொன்பது வருஷம் இந்த மலையைப் பார்த்திருக்கிறேன், நீ தேனைப் பார்" என்றேன். கையை உயர்த்தி விடை கொடுத்தான். பாவம், உதவி செய்யத்தான் வந்தான். ஆனால் உதவி என்று ஒன்றை வாங்கத் தொடங்கினால் அது அறையில் போய்த்தான் முடியும், ஆரூரனின் அட்டையில் இருந்த வெளிர்நீலம் அடித்த அறையில்.

மெதுவாக. முதலாவது கியர். ஏற்றத்தில் அவசரப்படுகிறவன் பஸ்காரன் இல்லை. ஆட்டுத்தடம் ஒன்று இருக்கிறது, இரண்டு பாதம் வைக்கக் காணாது, ஒரு பாதம் வைக்கலாம், இரண்டு பக்கமும் ஹெதர் காலைப் பிடித்து இழுக்கிறது. தூரத்தில் பட்டுப்போலத் தெரிந்தது, கிட்ட வந்தால் அடித்தண்டு விறகு. முதுகுப் பைக்குள் தேங்காய் உருளுகிறது. ஆம், தேங்காய். ஒப்பந்தம் மயூரியோடு மட்டும் இல்லை, பிள்ளையாரோடும் ஒன்று போட்டிருக்கிறேன், உச்சிக்குக் கொண்டுபோய் விட்டால் அங்கேயே தேங்காய் உடைக்கிறேன் என்று. இதற்காக நகரத்துக்கு இரண்டு பஸ் மாறிப் போய்த் தமிழ்க் கடையில் ஆட்டி ஆட்டிப் பார்த்து வாங்கினேன். என் கணவர் குகதாசன் இருந்திருந்தால் விழுந்து விழுந்து சிரித்திருப்பார், நான் முதல் நாள் பஸ் ஓட்டியபோது கடைசி இருக்கையில் உட்கார்ந்து ஊரைச் சுற்றி வந்த மனிசன், இறங்கும்போது மற்றப் பயணிகளைப் போலவே "நன்றி, சாரதி" என்று சொல்லிவிட்டு இறங்கினார், ஆறு வருஷமாகிறது அவர் போய். அந்த முதல் நாள் ஒருவன் என் நிறத்தைக் கண்டதும் ஏறாமல் நின்றுகொண்டான், அடுத்த பஸ்ஸில் வருகிறானாம். நான் கடைசித் தரிப்புவரை போய்த் திரும்பி வந்தேன். அடுத்த பஸ்ஸும் நான்தான். மழை வேறு. கதவைத் திறந்து ஒன்றும் பேசாமல் இருந்தேன், நனைந்த கோழி மாதிரி ஏறினான். பிறகு பதினேழு வருஷம் என் பஸ்ஸில்தான் போனான், செத்தபோது அவன் மனைவி என்னை முன்வரிசையில் உட்கார வைத்தாள். என்னை வா என்று அழைத்த ஊர் இல்லை இது. நான் ஓட்டி ஓட்டிப் பிடித்த ஊர். இதை விட்டுவிட்டு ஒரு தோட்டத்து அறையில் போய், ஆறு மணிக்கு மகளின் கார் சத்தம் கேட்கிறதா என்று காது கொடுத்துக்கொண்டு, மாட்டேன்.

மூச்சு வாங்குகிறது. நிற்கலாம், நிற்பது தோல்வி இல்லை, பஸ்ஸும் தரிப்பில் நிற்கத்தான் செய்யும். இடுப்பு என்ன சொல்கிறது. இடுப்பு ஒன்றும் சொல்லவில்லை, அதன் உள்ளே இருக்கிற உலோகம்தான் குளிர்ந்து குளிர்ந்து தன் இருப்பைச் சொல்கிறது. குளியலறைத் தரையும் இப்படித்தான் குளிர்ந்தது. வேண்டாம், அதை நினைக்கவேண்டாம். நினைக்கவேண்டாம் என்றால் அது எங்கே கேட்கிறது. கன்னம் தரை ஓட்டில் ஒட்டியிருந்தது. துவாய் ஒரு முழம் தூரத்தில் தொங்கியது. சமையலறையில் போன் அடித்தது, நின்றது, மறுபடி அடித்தது, மயூரிதான் என்று தெரியும், செவ்வாய்க்கிழமைகளில் அவள்தான் கூப்பிடுவாள், ஐந்தாம் தரம் நின்றபோது நான் அழுதேன், வலிக்காக இல்லை, அவள் அங்கே என்ன நினைத்துக்கொண்டு நிற்கிறாள் என்று. பக்கத்து வீட்டு மோராக் திரைச்சீலை விலகாததைக் கண்டு வந்து கதவைத் தட்டினாள். மயூரியிடம் நான் சொன்னது அரை மணி நேரம் என்று. வைத்தியசாலையில் எவனோ உண்மையைச் சொல்லிவிட்டான். அன்றைக்கு நான் பொய் சொல்லாமல் இருந்திருந்தால் ஒருவேளை இவ்வளவு பிடிவாதம் பிடித்திருக்கமாட்டாளோ. பூட்டினேனா அந்தக் கதவை.

மூட்டம் வந்துவிட்டது. சொல்லிக்கொண்டு வரவில்லை, ஒரு நிமிடத்துக்கு முன்னால் பள்ளத்தாக்கு இருந்தது, இப்போது என் கை இருக்கிறது, கோல் இருக்கிறது, கோலைச் சுற்றிப் பத்தடி ஊதா இருக்கிறது. பயமா. கொஞ்சம். ஆனால் பனிப்புகாரில் பஸ் ஓட்டியவளுக்கு ஒன்று தெரியும், தெரிகிற பத்தடியை ஓட்டினால் அடுத்த பத்தடி தானாகத் தெரியும். தடம் மேலேதான் போகிறது. மேலே போகிறவரை வழி சரி. காலடியிலிருந்து ஒரு காட்டுக்கோழி வெடித்துக் கிளம்பிக் கத்திக்கொண்டு பறந்தது, என் உயிரும் அதோடு ஐந்தடி போய்த் திரும்பி வந்தது. சனியன். அதற்குப் பிறகு சரிவு குறைந்தது. இன்னும் குறைந்தது. தரை சமமானது, ஹெதர் குட்டையானது, முன்னால் இருட்டாக ஏதோ நின்றது, கிட்டப் போனால் கற்குவியல். இடுப்பளவு உயரத்தில், ஏறியவர்கள் ஆளுக்கொரு கல்லாக வைத்துக் கட்டிய குவியல். இந்த நாட்டில் உச்சிக்கு அதுதான் அடையாளம். சுற்றிவர எந்தப் பக்கமும் ஏற்றம் இல்லை. வந்துவிட்டேன். மொட்டந்தலையில் நிற்கிறேன், பாலத்து வளைவிலிருந்து பார்த்த அதே மொட்டந்தலை. ஒரு கல்லைத் தேடி எடுத்து நானும் வைத்தேன். பிறகு தேங்காயை எடுத்துப் பிள்ளையாரை நினைத்து ஓங்கி அடித்தேன். முதல் அடியிலேயே சிதறியது, தேங்காய்த் தண்ணீர் கல்லில் வழிந்தது, துண்டுகள் ஹெதருக்குள் போய் விழுந்தன. இந்தக் கல்லுக்கு அது புது அனுபவமாக இருந்திருக்கும். போனை எடுத்தேன், ஊருக்குள் கிடைக்காத சிக்னல் இங்கே மூன்று கோடு.

"மயூரி, நான் உச்சியில நிக்கிறன்."

மூக்கை உறிஞ்சுகிற சத்தம் கேட்டது. "சரி அம்மா. நீங்கள் வெண்டிட்டியள்."

"இனி வீட்டுக் கதை?"

"இல்லை. கதைக்கமாட்டன். இப்ப இறங்குங்கோ அம்மா, வந்த வழியாலயே, உடன இறங்குங்கோ."

வென்றுவிட்டேன். நான் சத்தமாகச் சொன்னேன், யாரும் இல்லை, சொன்னால் என்ன. கற்குவியலில் சாய்ந்து உட்கார்ந்து தேங்காய்த் துண்டு ஒன்றைக் கடித்தேன். முன்வாசலுக்கு இந்த வருஷம் புது நிறம் அடிக்கவேண்டும், நல்ல மஞ்சள், ஆரூரனின் அட்டையில் இருந்த மஞ்சளையே அடிப்பேன், பார்த்துக்கொண்டு நிற்கட்டும். வீடு, யன்னல், யன்னலுக்குள் மலை, எல்லாம் என்னுடையது. அப்போது காற்று மாறியது. மூட்டம் கிழியத் தொடங்கியது, முதலில் பள்ளத்தாக்குப் பக்கம், ஆறு தெரிந்தது, பாலம் தெரிந்தது, நான் சிரித்துக்கொண்டே பார்த்தேன். பிறகு என் முதுகுப் பக்கமும் கிழிந்தது. திரும்பினேன். அங்கே இன்னொரு மலை நின்றது. இல்லை, இன்னொரு மலை இல்லை, இதே மலை. நான் நிற்பது தோள். எனக்கும் அதற்கும் நடுவில் ஒரு பள்ளம், பள்ளத்துக்கு அப்பால் நீளமாக ஊதாவாக ஏறி ஏறிப் போய், மேலே, நன்றாக மேலே, ஒரு பெரிய கற்குவியல், அதன் மேல் ஒரு கம்பம்.

வீதியிலிருந்து பார்க்கிறவளுக்கு முன்னால் நிற்பது பின்னால் இருப்பதை மறைக்கும். பஸ் ஓட்டுகிறவளுக்கு இது தெரியாதா, முன்னால் போகிற லொறி மறைக்கிறபோது முந்தாதே என்று எத்தனை பழகுநர்களுக்குக் கத்தியிருக்கிறேன். பத்தொன்பது வருஷம் தோளைப் பார்த்துத் தலை என்று நினைத்திருக்கிறேன். ஹியூ சொல்ல வந்தது இதைத்தான், வாயை அடைத்தேன். பிள்ளையாரும் பார்த்துக்கொண்டுதானே இருந்தார், தேங்காயை ஓங்கும்போது ஒரு காற்றையாவது அனுப்பியிருக்கலாம்.

சரி, இப்போது என்ன. ஒன்றும் இல்லை. இறங்கலாம். யாருக்குத் தெரியும். மயூரிக்குத் தெரியாது, அவள் லண்டனில் இருக்கிறாள். வேண்டுமென்று பொய் சொல்லவில்லையே, உச்சி என்று நினைத்துத்தானே சொன்னேன். நினைத்ததைச் சொல்வது பொய்யாகுமா. ஆகாது. மயூரியே உடனே இறங்கச் சொன்னாள். இடுப்பும் அதைத்தான் சொல்கிறது, இப்போது இடுப்பும் பேசத் தொடங்கிவிட்டது. மேலே போக முக்கால் மணி, திரும்ப முக்கால் மணி, பிறகு வந்ததெல்லாம் இறங்கவேண்டும். ஏறுவதற்கு மிச்சம் வைத்த காலில்தான் இறங்கவும் வேண்டும். புத்தியுள்ளவள் இறங்குவாள். நான் இறங்குகிற பக்கம் திரும்பி நாலு அடி வைத்தேன். நாலே நாலு. ஐந்தாவதுக்குக் கால் வரவில்லை. ஒவ்வொரு நாள் காலையும் யன்னலைத் திறப்பேன், அது நிற்கும், தோளுக்குப் பின்னால் மறைந்துகொண்டு நிற்கும், நிற்கிறது என்று எனக்குத் தெரிந்திருக்கும். மஞ்சள் கதவைத் திறக்கும்போதெல்லாம் தெரிந்திருக்கும். தவறுதலாக வந்த வீட்டில் இருப்பது போல என் சொந்த வீட்டில் இருப்பேன். குளியலறையில் கிடந்ததை அரை மணி என்று சொன்னேன், அந்த ஒரு பொய் போதும். அந்த மழை நாளில் ஒருவனைப் பஸ்ஸில் ஏற்றினேனே, அன்று கடைசித் தரிப்புவரை போனதுபோல முழுதாகப் போய்த் திரும்பி வந்து கதவைத் திறந்தால்தான் வெற்றிக்கு மரியாதை. தேங்காய்த் துண்டுகளில் பெரியதாக ஒன்றைப் பொறுக்கித் துடைத்துப் பையில் போட்டுக்கொண்டேன். பிள்ளையாரே, விலாசம் பிழையாகிவிட்டது, மன்னிக்கவேண்டும், மிச்சத்தை மேலே கொண்டுவந்து தருகிறேன்.

பள்ளத்துக்குள் தடம் இல்லை. ஆடுகள்கூட இங்கே வருவதில்லை போல. ஹெதர் தொடை உயரம், கோலால் குத்திக் குத்திப் பார்த்துத்தான் கால் வைக்கிறேன், குத்துகிற இடம் மெத்தென்று போகிறது, குத்தாத இடம் கல்லாக இருக்கிறது. கதவு பூட்டியிருக்கிறது, இப்போது ஞாபகம் வருகிறது, பூட்டிவிட்டுக் கைபிடியை இழுத்துப் பார்த்தேன், இழுத்துப் பார்த்தது இன்றா நேற்றா. இடது கால் போனது. தரை இல்லை. புதருக்கு அடியில் எப்போதோ வெட்டிய ஒரு வாய்க்கால், மேலே ஹெதர் மூடிக் கிடந்திருக்கிறது, இடுப்புவரை உள்ளே போய் முகம் அடிக்கப் பூவில் விழுந்தேன்.

அசையாதே. முதலில் அசையாதே. மூச்சு இருக்கிறது. கன்னத்தில் ஓடு இல்லை, பூ. குளிர்ந்த தண்ணீர் சப்பாத்துக்குள் போகிறது, ஆகவே பாதம் உணர்கிறது, பாதம் உணர்ந்தால் எலும்பு, தெரியாது, எலும்பைப் பற்றி எனக்கு என்ன தெரியும். அன்றைக்கும் முதலில் வலிக்கவில்லை. வலி பத்து நிமிடம் கழித்துத்தான் வந்தது, ஆற அமர, சொந்தக்காரன் வருவதுபோல. இப்போதும் வருமா. காத்திருந்தேன். போன் சட்டைப் பையில் இருக்கிறது, கை எட்டுகிற தூரம், அன்றைக்கு எட்டவில்லை, இன்றைக்கு எட்டுகிறது. எடுத்து ஒரு பெயரை அமத்தினால் போதும், ஆட்கள் வருவார்கள், சிவப்புச் சட்டை போட்ட நல்ல பிள்ளைகள், தூக்குக் கட்டிலில் வைத்துக் கட்டி இறக்குவார்கள், பாலத்து வளைவில் ஊரே நின்று பார்க்கும், டில்லியைக் கொண்டுபோகிறார்கள் என்று. ஒரு தேனீ என் மூக்குக்கு முன்னால் பூவுக்குள் தலையை விட்டு வேலை செய்துகொண்டிருந்தது. நான் விழுந்ததை அது கவனிக்கவே இல்லை. எனக்கு அழுகை வந்தது. அழுதேன். பயம்தான், வெட்கம் என்ன, செத்துப்போகப் பயமில்லை, எழும்ப முடியாமல் கிடக்கத்தான் பயம், தை மாதத்திலிருந்து ஒவ்வொரு இரவும் கட்டிலில் படுத்துக்கொண்டு பயந்தது இதற்குத்தான், மலைக்கு இல்லை. வீட்டுக்காக மயூரியோடு சண்டை பிடித்தேன், ஆனால் அந்த வீட்டில் எனக்கே என்னில் நம்பிக்கை இல்லாமல்தான் எட்டு மாதம் இருந்தேன். சொல்லிவிட்டேன், சரியா.

வலி வரவில்லை. இன்னும் கொஞ்சம் பார்த்தேன், வரவில்லை. வைத்தியசாலையில் பயிற்சி தந்த பெண் சொன்னாள், எழும்பப் பார்க்காதே, முதலில் உருளு. உருண்டேன். வலது பக்கம். பையை முதுகிலிருந்து கழற்றி முன்னால் தள்ளினேன். ஹெதரின் அடித்தண்டை இரண்டு கையாலும் கொத்தாகப் பிடித்தேன், காலை இழுத்த அதே விறகு, இப்போது பிடி விடாமல் நின்றது. இழுத்தேன். கால் சேற்றைவிட்டு வந்தது, சப்பாத்தும் கூடவே வந்தது. முழங்கால். இரண்டு முழங்கால். கோலை ஊன்றி, ஒரு மூச்சு, வலது பாதம், மற்றது. நின்றேன். என் இரண்டு காலில் நான் நின்றேன், சேறு வழிய, முகமெல்லாம் பூ ஒட்டி, யாருடைய கையும் இல்லாமல். சத்தமாகச் சிரித்தேன். தில்லைநாயகி எழும்பிவிட்டாள். எங்கேயாவது எழுதி வையுங்கள்.

அதற்குப் பிறகு ஏற்றம் ஏற்றமாகவே தெரியவில்லை என்று சொன்னால் பொய். தெரிந்தது. ஒவ்வோர் அடியும் தெரிந்தது. இருபது அடி, நிற்பு, இருபது அடி, நிற்பு. ஆனால் பயம் பள்ளத்திலேயே விழுந்துவிட்டது, நான் குனிந்து எடுக்கவில்லை. கம்பம் கிட்ட வந்தது. பெரிய கற்குவியல் கிட்ட வந்தது. இந்த முறை சுற்றிவர நடந்து நாலு பக்கமும் நன்றாகப் பார்த்தேன், இனி யாரும் என்னை ஏமாற்ற முடியாது. எல்லாப் பக்கமும் இறக்கம்தான். பின்மலையின் பின்பக்கத்தை முதல் முதலாகக் கண்டேன், அங்கும் ஊதா, மடிப்பு மடிப்பாக, ஒரு வீடில்லை, ஓர் ஆள் இல்லை. தேங்காய்த் துண்டைக் குவியலின் மேல் வைத்துக் கும்பிட்டேன். பிறகு போனை எடுத்தேன். சொல்லத்தான் வேண்டும். சொன்னால் முன்பு தந்த வாக்கைத் திருப்பி எடுத்தாலும் எடுப்பாள், எடுக்கட்டும்.

"பிள்ளை, ஒண்டு சொல்லவேணும். நான் முதல் சொன்னது பிழை. அது உச்சி இல்லை, தோள். இப்பதான் உச்சிக்கு வந்து நிக்கிறன்."

"தெரியும் அம்மா."

"என்ன தெரியும்?"

"உங்கட போன் எங்க நிக்குதெண்டு என்ர போனில காட்டும். போன முறை வந்த நேரம் நான்தான் உங்களுக்குச் சொல்லாமல் போட்டுவிட்டனான். நீங்கள் முதல் எடுத்த நேரமே பாத்தன், புள்ளி உச்சிக்குக் கீழதான் நிண்டது."

"தெரிஞ்சுகொண்டோ வெண்டிட்டியள் எண்டு சொன்னனி? எனக்குப் பிச்சையோ போட்டனி?"

"நீங்கள் அதோட இறங்கி வந்தாக் காணும் எண்டு நினைச்சன் அம்மா. பிறகு நீங்கள் அங்கால போகத் தொடங்கிட்டியள். பள்ளத்துக்குள்ள புள்ளி நிண்டுட்டுது. பதினொரு நிமிசம் அசையேல்லை. நானும் ஆரூரனும் பாத்துக்கொண்டே நிண்டம்."

கோலில் ஒட்டியிருந்த சேற்றைக் கல்லில் தேய்த்தேன்.

"விழுந்தனீங்கள், என்ன?"

"ஓம்."

"அவசர நம்பரை அடிச்சு வச்சுக்கொண்டு, அமத்தாமல் நிண்டன். அமத்தினா நீங்கள் என்னை மன்னிக்கமாட்டியள் எண்டு தெரியும். இன்னும் ஒரு நிமிசம் பாப்பம், இன்னும் ஒரு நிமிசம் பாப்பம் எண்டு. பிறகு அசைஞ்சுது."

காற்று கம்பத்தில் மோதி ஊளையிட்டது. என் மகள் பதினொரு நிமிடம் அந்த நம்பரை அமத்தாமல் வைத்துக்கொண்டு நின்றிருக்கிறாள். நான் எழும்பியதை ஓர் ஆள் பார்த்திருக்கிறாள். இவ்வளவு தைரியம் இவளுக்கு எங்கிருந்து வந்தது என்று நினைத்தேன், எனக்குப் பெருமையாக இருந்தது, ஆனால் அதை அவளுக்குக் காட்டுகிற நேரம் இது இல்லை.

"முதல் சொன்னது செல்லாது. அது எனக்கு வேண்டாம். இப்ப சொல்லு."

"உங்கட வீட்டிலேயே இருங்கோ அம்மா."

"சரி."

"நான் சொல்லாமல் செய்தது பிழைதான். அந்தப் புள்ளியை நிப்பாட்டிவிடவோ?"

கண்ணைத் துடைத்துக்கொண்டு பையை முதுகில் போட்டேன், கோலை எடுத்தேன்.

"வேண்டாம், விடு. இறங்கிறதையும் பார்."